பஜார் தெரு ருக்மிணி

ருக்மிணி ஆனேக்கல்லுக்குக் குடிபோகிறாள் என்ற செய்தி பெங்களூர் மர்பி டவுன் சந்தில் பரவியபோது, யாரும் அவளிடம் வந்து கேட்கவில்லை. அவள் அண்ணன் ஜெயராஜைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னப்பா, தங்கச்சிய அவ்ளோ தூரம் தனியா அனுப்பறியாமே? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பாங்க?"

ஜெயராஜுக்கும் அதே கவலைதான். ருக்மிணிக்குக் குழந்தையாக இருக்கும்போதே போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. அப்பா இருந்தவரை தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டார். அவர் போன பிறகு எஸ்.எஸ்.எல்.சி.யை வீட்டிலிருந்தே எழுதினாள். ஒரு தொண்டு நிறுவனம் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்று கொடுத்திருந்தது. ஆனால் சந்து அந்த வண்டியைவிடக் கொஞ்சம்தான் அகலம். நடுவில் சாக்கடை வேறு. வண்டி சந்து முனையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து, தையல் கடைக்காரர் கொடுத்தனுப்பும் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதுவரை அவள் பார்த்த பெங்களூர் அவ்வளவுதான்.

உடல் ஊனமுற்றவர்களுக்கு எஸ்.டி.டி. பூத் கொடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்து அவளேதான் விண்ணப்பம் போட்டாள். நகரத்துக்குள் காத்திருப்போர் கூட்டம் பெரிது. ஆனேக்கல் என்றால் உடனே கிடைக்கும் என்று சொன்னார்கள். ஜெயராஜ் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவனோடு வேலை செய்த ஒருவருக்கு ஆனேக்கல் பஜார் தெருவில் ஒரு கடை சும்மா கிடந்தது. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறை, சின்ன கொல்லை, கொல்லையில் கழிப்பறை. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதம் அது. ஜெயராஜ் அரை மனதோடு ஒரு டெம்போ பேசினான்.

"ஒரு வருசம் பாரு. முடியலன்னா வந்துடு" என்றான் வழியில். சந்தாபுரா தாண்டி டெம்போ உள்ளே திரும்பும்வரை அதையே வேறு வேறு மாதிரி சொல்லிக்கொண்டு வந்தான்.

"சரிண்ணா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள் அவள்.

பாளையக்காரர்கள் காலத்தில் கோட்டை கட்டி, கோட்டையை ஒட்டிச் சந்தை போட்ட ஊர் என்று ஆனேக்கல்லைச் சொல்வார்கள். கோட்டை கரைந்து மண்மேடாகிவிட்டது. சந்தை மட்டும் ஒரு வாரமும் தவறாமல் கூடுகிறது. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும், தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே பேரத்துக்குள் ஓடும்.

வந்த அன்றே ஒரு சிக்கல். பழைய பஜார் கடை என்பதால் தெருவிலிருந்து கடைக்குள் போக முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் படி. ஜெயராஜ் அவளைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தான். வண்டி வெளியே நின்றது. அண்ணன் ஊருக்குப் போன பிறகு தினமும் யார் தூக்குவது என்று இரண்டு பேரும் யோசிக்காமலே வந்திருந்தார்கள்.

பக்கத்துக் கடை கிருஷ்ணப்பாவுடையது. கயிறு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, சாட்டை, முறம், கூடை விற்பவர். நெற்றியில் விபூதியும் தோளில் துண்டுமாக வந்து படியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"பலகை போட்டா ஆகாதாம்மா?" என்றார் ஜெயராஜைப் பார்க்காமல் அவளைப் பார்த்து. ஆனேக்கல் தமிழில் கன்னட வாடை அடித்தது.

"மரப்பலகை வழுக்கும்ணா. மழை வந்தா ஊறிடும். கல்லு கெடைக்குமா, சரிவா செதுக்கின மாதிரி?"

"கல்லுக்கா இந்த ஊர்ல பஞ்சம்? நாளைக்கு சந்தே. கல்லு ஒடைக்கறவங்க அம்மி ஆட்டுக்கல் எடுத்துட்டு வருவாங்க. நீயே கேளு, எப்படி வேணும்னு."

மறுநாள் கல் செதுக்குகிறவரிடம் அவளே கேட்டாள். எவ்வளவு நீளம், எவ்வளவு சரிவு, வண்டிச் சக்கரம் சறுக்காமல் இருக்க மேலே எப்படிக் கொத்த வேண்டும் என்று கையால் காட்டிச் சொன்னாள். அவர் முதலில் ஜெயராஜைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயராஜ் பேசாமல் நின்றதால் கொஞ்ச நேரத்தில் அவள் பக்கம் திரும்பிவிட்டார். அதுவரை ஜெயராஜ் லீவு போட்டுக் கூடவே இருந்தான். அடுத்த சந்தைக்கு மாட்டு வண்டியில் கல் வந்தது. கிருஷ்ணப்பாவும் இன்னும் சிலரும் கடப்பாரை போட்டு நெம்பி வைத்தார்கள். ருக்மிணி வண்டியை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். தெருவில் யாரும் வேலையை விட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்க்கவில்லை. அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மெல்ல மெல்ல ஊர் அவளுக்குப் பிடிபட்டது. மாட்டு வண்டிகள் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கிப் போகிற மாதிரி போட்ட தெரு. நடைபாதை என்று தனியாக எதுவும் கிடையாது. அதனால் ஏறி இறங்கவும் எதுவும் கிடையாது. பாங்கு, தபால் ஆபீஸ், அரசு ஆஸ்பத்திரி, இட்லிக் கடை, மாவு மில், கோயில் எல்லாம் கைப்பிடியைக் கொஞ்சம் சுற்றினால் வந்துவிடும் தூரம். கடைக்காரர்கள் எல்லோரும் தெருவைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பார்கள். வண்டிச் சங்கிலி கழன்றால் அவள் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை.

முதன்முதலாகத் தானே போய் வெங்காயம் வாங்கிய நாளில், வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்த்தால் பாதி அழுகல். மற்றவர்களை ஏமாற்றுகிற மாதிரியேதான் தன்னையும் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனிடம் போனில் அதைச் சொன்னாள். அவன் கோபப்பட்டான், அவள் ஏன் சிரிக்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

பூத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பட்டு நெசவாளர்கள் சேலை எப்போது அனுப்ப என்று கேட்க வருவார்கள். பூ விவசாயிகள் விடிந்ததும் வந்து, பெங்களூர் மார்க்கெட்டில் சாமந்தி என்ன விலை போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் பறிக்கப் போவார்கள். வீட்டில் போன் இல்லாதவர்கள் அவள் நம்பரையே எல்லோருக்கும் கொடுத்து வைத்திருந்தார்கள். யாருக்காவது போன் வந்தால் "கொஞ்ச நேரம் கழிச்சுப் பண்ணுங்க, கூட்டிட்டு வர்றேன்" என்று வைத்துவிட்டு அவளே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். அப்படிப் போய்ப் போய்த்தான் ஊரின் எல்லாச் சந்துகளும் அவளுக்குத் தெரிந்தன. ஒரு நாள் காய்ச்சலில் படுத்துக் கடை திறக்காமல் போனபோது, எட்டு மணிக்கெல்லாம் பின் கதவை நாலைந்து பேர் தட்டிவிட்டார்கள்.

ஒரு சந்தை நாள் பகலில் ஒரு போன் வந்தது. எதிர்முனையில் ஓர் இளைஞன் மூச்சு வாங்கப் பேசினான். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் முனியப்பனை, ஓசூர் ரோட்டில் சைக்கிளில் போகும்போது லாரி அடித்துவிட்டது, பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருக்கிறது, அவன் அம்மா இன்றைக்குச் சந்தையில்தான் இருப்பார், சொல்லிவிடுங்கள் என்றான். ஆஸ்பத்திரி பெயரைச் சொல்வதற்கும் லைன் போவதற்கும் சரியாக இருந்தது.

முனியப்பனின் அம்மா லட்சுமம்மா தக்காளியும் கீரையும் விற்பவள். வாரா வாரம் விற்று முடித்ததும் பூத்துக்கு வந்து ருக்மிணியோடு காபி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். புருஷன் இல்லை. ஒரே பையன்.

ருக்மிணி ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்பினாள். சந்தைக்குள் மூட்டைகளுக்கும் கால்களுக்கும் நடுவே வண்டி போவது லேசில்லை. "ஜாக பிடி, ஜாக பிடி" என்று கன்னடத்தில் வழி கேட்டுக் கத்திக்கொண்டே போனாள். லட்சுமம்மா தராசைப் பிடித்துக்கொண்டு யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எழுந்து வாங்க கொஞ்சம்."

"யாவார நேரத்துல என்னம்மா? போனா? அப்பறமா பண்ணச் சொல்லு."

"முனியப்பனுக்கு அடிபட்டிருக்குக்கா. ஆஸ்பத்திரில இருக்கான். உயிருக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க. நீங்க உடனே போவணும்."

உயிருக்கு ஒன்றும் இல்லை என்று அந்த இளைஞன் சொல்லவில்லை. வரும் வழியில் அவளாகச் சேர்த்துக்கொண்டது. சொல்லி முடித்ததும் வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

லட்சுமம்மா கத்தவில்லை. தராசைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூண்டு விற்றுக்கொண்டிருந்தவர் அவள் கையிலிருந்து தராசை வாங்கிக் கீழே வைத்தார். சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண்மணி அவளை எழுப்பி, முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். வாழைக்காய் இறக்கிக்கொண்டிருந்த டெம்போக்காரரைக் கிருஷ்ணப்பா போய் நிறுத்தினார். பாதிச் சரக்கோடு டெம்போ பெங்களூருக்குத் திரும்பியது. அன்று சாயங்காலம் பூண்டுக்காரர் லட்சுமம்மாவின் தக்காளியை விற்று முடித்து, சாக்கை மடித்து, பணத்தைத் துணியில் முடிந்து பூத்தில் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் அவளுக்கும் பல வருஷங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது ருக்மிணிக்குப் பிறகுதான் தெரிந்தது.

முனியப்பன் பிழைத்துக்கொண்டான். ஒரு மாதம் கழித்துச் சந்தைக்கு வந்த லட்சுமம்மா காபியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லன்னு அவங்களா சொன்னாங்க?"

"இல்லக்கா. நானாத்தான் சொன்னேன்."

லட்சுமம்மா அவளையே பார்த்தாள். "அப்படித்தான் நெனச்சேன். டெம்போல போறப்ப அதத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிட்டே போனேன்" என்றாள். பிறகு காபி ஆறிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

எல்லா நாளும் நல்ல நாளாக இருந்துவிடவில்லை. இரண்டாயிரமாவது ஆண்டு, பெரிய கன்னட நடிகர் ஒருவரைக் காட்டுக்குள் கடத்திக்கொண்டு போனபோது ஊர் முழுக்க ஒரு பதற்றம். பஸ் ஓடவில்லை. பெங்களூரில் தமிழர் கடைகள் மேல் கல் விழுகிறது என்று செய்தி வந்தது. தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது மர்பி டவுன் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது ருக்மிணிக்கு நினைவிருந்தது. அப்போது எல்லோரும் ஓடத் தயாராக இருந்தார்கள். அவளால் ஓட முடியாது என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்று காலை கிருஷ்ணப்பா இரண்டு பெரிய கயிற்றுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் கடைப் பெயர்ப்பலகைமேல் தொங்கவிட்டார். பலகையில் கன்னடம், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் எழுதியிருந்தது. கயிறு சரியாகத் தமிழ் வரியை மறைத்தது.

"கடைக்குள்ள ஈரம்மா. சும்னே இங்க காயட்டும்" என்றார்.

"வெயிலே இல்லியேண்ணா."

"காத்து இருக்கில்ல?"

அன்று முழுக்க அவர் தன் ஸ்டூலை அவள் கடை வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து மூக்கணாங்கயிறு திரித்தார். சில பையன்கள் கொடி பிடித்துக் கத்திக்கொண்டு தெருவில் வந்தார்கள். இந்தக் கடை தமிழருடையதா என்று ஒருவன் கேட்டான். "போன் கடை, போன் பண்ணணும்னா பண்ணு, இல்லன்னா நட" என்றார் அவர் கன்னடத்தில், திரிப்பதை நிறுத்தாமலே. அவர்கள் போய்விட்டார்கள்.

ருக்மிணிக்கு நன்றியாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. தன் பாஷையை ஏன் கயிறு போட்டு மூட வேண்டும்? அன்றைக்கு அதைக் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை. ஆட்டம் அடங்கி, பஸ்கள் ஓட ஆரம்பித்த பிறகும் கயிறு அங்கேயே தொங்கியது. "கயிறு காஞ்சிடுச்சுண்ணா, எடுத்துடுங்க" என்றாள். அவர் எடுத்தார். பலகையில் படிந்திருந்த நார்த்தூசைத் துண்டால் தட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்த அடி வேறு திசையிலிருந்து வந்தது. எல்லோர் சட்டைப்பையிலும் மொபைல் முளைத்தது. பூ விவசாயிகள் தோட்டத்தில் நின்றபடியே விலை கேட்டார்கள். ருக்மிணி நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாள். கைப்பிடி சுற்றிச் சுற்றித் தோள்பட்டையும் வலித்தது. அந்தச் சமயத்தில்தான் ஜெயராஜ் விருப்ப ஓய்வு வாங்கி, சர்ஜாபூர் சாலைப் பக்கம் புதிய அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட் வாங்கினான்.

"உனக்குன்னு ஒரு ரூம் வெச்சிருக்கேன். லிஃப்ட் இருக்கு. இனிமே எதுக்கும்மா அங்க?" என்று வந்து கூப்பிட்டான். கடையைப் பூட்டிவிட்டு அவள் போனாள்.

ஜெயராஜ் நிஜமாகவே பார்த்துப் பார்த்துச் செய்திருந்தான். குளியலறையில் அவள் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பிகள். ஃபிட்டர் கை, ஆடாமல் பொருத்தியிருந்தான். கட்டில் அவள் உயரத்துக்கு அறுத்துப் போட்டது. அண்ணி உஷா வேளைக்குச் சூடாகச் சாப்பாடு போட்டாள்; முகம் சுளித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வண்டி மட்டும் கீழே, ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றது. கேட்டுக்கு வெளியே தண்ணீர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் பறக்கிற சாலை. சாலை நடுவே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தடுப்புச் சுவர். மருந்துக் கடை எதிர்ப்பக்கம் இருந்தது, போர்டுகூடத் தெரிந்தது. ஒரு நாள் தோள்வலிக்குத் தைலம் வாங்கலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். காவலாளி ஓடி வந்தான். "மேடம், வேணாம் மேடம், வண்டிங்க நிக்காது" என்றான். அவன் சொன்னது உண்மைதான். அவள் சாலையோரம் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

"சொல்லியிருந்தா போன் பண்ணியிருப்பேனே, வீட்டுக்கே கொண்டாந்து தருவான்" என்றாள் உஷா.

எல்லாமே வீட்டுக்கு வந்தன. காய்கறி, மருந்து, பால், துணி. அவள்தான் எங்கும் போகவில்லை. பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நாள், இது மர்பி டவுன் வாசற்படிதான், உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அண்ணனை நினைத்துக் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

கிருஷ்ணப்பாவிடமிருந்து போன் வந்தது அந்த வாரம்தான். "யாரோ ரீசார்ஜ் கடை போடணும்னு உன் கடைய கேக்கறாங்கம்மா. ஓனர் குடுத்துருவார் போல. உனக்கு பேடான்னா, வேணாம்னு சொல்லிடு."

"வேணும்னு சொல்லுங்கண்ணா" என்றாள். யோசிக்காமல் சொல்லிவிட்டாள். பிறகுதான் யோசித்தாள். யோசித்த பிறகும் அதுவே சரியென்று பட்டது. ரீசார்ஜ் தன்னாலும் செய்ய முடியும். ஒரு ஜெராக்ஸ் மெஷினும் போட்டுக்கொள்ளலாம்.

ஜெயராஜால் தாங்க முடியவில்லை.

"இங்க உனக்கு என்ன குறை? உங்க அண்ணி ஏதாவது சொன்னாளா?"

"அண்ணி தங்கம். குறை ஒண்ணும் இல்லண்ணா."

"அப்பறம் என்ன? சாக்கடைக்கு மூடிகூட இல்லாத ஊரு. அங்க என்ன இருக்கு?"

"சாக்கடை நாறத்தான் செய்யுது. ஆனா அங்க நான் கடைக்குப் போவேன், பாங்குக்குப் போவேன். சண்டை போடுவேன். இங்க நான் கீழ எறங்கணும்னா நீங்க ரெண்டு பேரும் பயப்படறீங்க."

"பயப்படாம? நீ என் தங்கச்சி."

"அது சரிதாண்ணா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை உதறிவிட்டு எழுந்து போனான்.

அவள் கிளம்பிய அன்று அவன் வீட்டில் இல்லை. உஷாதான் டெம்போவில் கூட வந்து, அறையைப் பெருக்கி, அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு பல மாதங்கள் ஜெயராஜ் பேசவில்லை. ருக்மிணி போன் செய்தால் உஷா எடுப்பாள், பின்னால் டி.வி. சத்தத்தை அவன் கூட்டுவது கேட்கும். அந்த நாட்களில் ராத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. தப்புச் செய்துவிட்டோமோ என்று லட்சுமம்மாவிடம் கேட்டாள். "தப்புன்னா திரும்பிப் போயிடுவியா?" என்றாள் லட்சுமம்மா. ருக்மிணி இல்லை என்று தலையாட்டினாள். "அப்ப சாப்பிடு."

கடை மெல்ல ஓடத் தொடங்கியது. தாலுகா ஆபீஸுக்கு வருகிறவர்கள் ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள். சிம் கார்டு மாட்டத் தெரியாத விவசாயிகள் போனைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

அவரைக்காய் சீசனில், ஒரு சந்தை நாளன்று, ஜெயராஜ் உஷாவோடு வந்து இறங்கினான். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து பேச வாயெடுக்கும்போதெல்லாம் யாராவது வந்தார்கள். ரீசார்ஜ் கேட்டு ஒரு டீச்சர் வந்தார். கூடையை வைத்துவிட்டுப் போக ஒருத்தி வந்தாள். மகள் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று சண்டை போட ஒருவர் வந்தார்.

"உன்கிட்ட ரெண்டு வார்த்தை பேச முடியலையே" என்றான் ஜெயராஜ்.

"சாயங்காலம்வரைக்கும் இருங்க. கடைசி பஸ் எட்டு மணிக்கு."

அவன் முனகிக்கொண்டே உஷாவோடு சந்தைக்குள் போனான். திரும்பி வரும்போது இரண்டு பை நிறைய அவரைக்காய், கீரை, ஒரு புது முறம். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. அவரைக்காய் விற்றவன் இரண்டாம் தரத்தை முதல் தரம் என்று தலையில் கட்டப் பார்த்ததையும், தான் விடாமல் பேசி நல்லதாக வாங்கியதையும் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஓய்வு பெற்ற பிறகு அவன் இவ்வளவு பேசி உஷா பார்த்ததில்லையாம். ருக்மிணியிடம் கொல்லையில் வைத்துச் சொன்னாள்.

அவள் திரும்பிப் போனது சரி என்று ஜெயராஜ் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. கேட்டால், பிடிவாதக்காரி என்பான். ஆனால் மறுவாரம் அவனே போன் செய்தான். தோள்வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். கொல்லைக் கழிப்பறையில் கம்பி போட அளவு எடுக்க வேண்டும் என்றான். பிறகு கொஞ்சம் இழுத்தான்.

"சந்தை அன்னைக்கே வரட்டுமா?"

"வாங்கண்ணா. காலையில சீக்கிரமா வந்துடுங்க. வெயில் ஏறினா நல்ல காயெல்லாம் போயிடும்."